பதினேழாம் எண் சேவல்

பதினேழாம் எண் சேவல் இரண்டாவது தடவையாக முட்டையை உடைத்து வெளியே வந்த காலையில் அங்கே இருந்தவர்கள்: கோழிகளுக்குச் சொந்தக்காரனான மிக்கேல், வயது ஐம்பத்தைந்து; பழனிசெட்டிபட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஹேமாவதி டீச்சர், மடியில் சின்னத் தராசும் கையில் பூதக்கண்ணாடியும்; பக்கத்து வீட்டு மதலேனாள், உறவுமுறையில் மிக்கேலுக்கு அக்கா; தபால்காரர் சுருளிராஜன், சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு; கெங்குவார்பட்டி பந்தல்காரர் பாண்டீஸ்வரன், காதுகுத்து விருந்துக்குக் கோழி கேட்டு வந்தவர், இந்தச் சேவலை எட்டரை வருடத்துக்கு முன்னால் தின்றவர்களில் ஒருவர்; பிறகு அடைக்கோழி. 2023 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பதேகால். முருங்கைக்காய் விலை ஏறியிருந்த வாரம்.

தேவதானப்பட்டிக்கும் கெங்குவார்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி அந்த ஊர் இருக்கிறது. மிஷன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள் நாற்பது, அந்தோனியார் கோயில் ஒன்று. மிக்கேல் இருபத்திரண்டு வயதில் தேனிப் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு ஹேச்சரியில் இரவு ஷிப்டுக்குப் போனான். பத்தொன்பது வருடம் போனான். தட்டுத் தட்டாக முட்டைகளை மெஷினுக்குள் ஏற்றுவது, சூட்டைப் பார்ப்பது, பொரிக்காதவற்றை வாளியில் அள்ளிக் குழியில் கொட்டுவது. பகலில் தூங்கியவனுக்கு ஊரில் யாரோடும் பழக்கம் விட்டுப்போனது. பெண் பார்த்தார்கள், அமையவில்லை, பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்பா போனார், அம்மா போனாள். 2009-ல் ஒரு நாள் ஷிப்டின் பாதியில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான், திரும்பப் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்குச் சொல்லும்படி ஒன்றும் நடந்திருக்கவில்லை. வீட்டுப் பின்னாலிருந்த பழைய மாட்டுக்கொட்டகைக்குத் தகரக் கதவு போட்டு நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கினான்.

அடுத்த வருடம் ஒரு விவசாயப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி வந்தது. தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் தங்கள் கோழிகளின் கொண்டை, கால், விரல், இறகு பற்றிய விவரங்களை எழுதினால் அவசியம் பதில் எழுதப்படும் என்று போட்டிருந்தது. எழுதியவர் ஹேமாவதி, விலங்கியல் ஆசிரியை, ஓய்வு. மிக்கேல் அந்த நாலு வரியில் கோழியைப் பற்றிச் சொன்னதைவிடப் பதில் எழுதப்படும் என்பதைத்தான் மூன்று தடவை படித்தான். மொத்தம் பதினாலு பேர் எழுதினார்கள். கூடலூர்க்காரர் ஒருவர் ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளத்துக்குப் போய்விட்டார், சின்னமனூர்க்காரர் கோழிகளை விற்று ஆடு வாங்கினார், மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சலித்துப்போனார்கள். மூன்றாம் வருட முடிவில் மிக்கேல் ஒருவன்தான் மிச்சம். டீச்சருக்குக் காது மந்தம், போன் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் நீல இன்லாண்டு கடிதத்தில்தான். கருங்கால் பெட்டைக்குச் செவலைச் சேவலைச் சேர்த்ததில் பிறந்த பதினொரு குஞ்சுகளுக்கும் கால் நிறம் என்ன என்று கேட்பார். ஏழு கருப்பு, மூன்று மஞ்சள், ஒன்றுக்கு ஒரு கால் கருப்பு ஒரு கால் மஞ்சள் என்று அவன் எழுதுவான். எந்தக் கால் கருப்பு என்று அடுத்த கடிதத்தில் கேட்பார். அவன் சொன்னதற்கு மேல் இன்னொரு கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கடித முடிவில் அன்புடன் என்றோ ஆசியுடன் என்றோ இருக்காது. 'மற்றவை அடுத்ததில்' என்று இருக்கும். அது அவனுக்குப் பதினைந்து நாளைக்குப் போதும்.

மதலேனாளுக்கு இது வேடிக்கை. "ஏலே மிக்கேலு, ஊருக்குள்ள அவனவன் பொண்ணுக்குக் கடுதாசி போடுவான். நீ கோழிக்கு மூக்கு நீளத்த அளந்து போட்டுக்கிட்டு இருக்க" என்பாள்.

"பொண்ணுக்குப் போட்டா பதில் வராதுக்கா" என்பான் மிக்கேல்.

டீச்சர் அலுமினியத்தில் வெட்டி எண் அடித்த ஐம்பது வளையங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். எல்லாக் கோழிக்கும் போடக் கூடாது, மற்றவற்றிலிருந்து ஏதாவது ஒன்றில் விலகியதற்கு மட்டும் காலில் மாட்ட வேண்டும், செத்தால் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். மூன்றாம் எண், கழுத்தில் இறகே இல்லாத பெட்டை. ஒன்பதாம் எண், இறகெல்லாம் தலைப் பக்கமாகச் சுருண்டது. பதினேழாம் எண் 2013 ஆகஸ்டில் பொரிந்த சேவல். இரண்டு காலிலும் ஐந்தைந்து விரல். தாய்க்கு நாலு, தகப்பனுக்கு நாலு, நோட்டில் நாலு தலைமுறைக்கு நாலு. பள்ளத்தாக்கில் எழுதிய பதினாலு பேரில் ஒருவர்கூட ஐந்து விரலை எழுதியதில்லை. டீச்சர் வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 2014 மே கடைசியில் வந்த கடிதத்தில் அவர் இப்படி எழுதியிருந்தார்: 'ஜூலையில் கண் அறுவை முடிந்ததும் நேரில் வருகிறேன். பதினேழைப் பார்த்துவிட்டால் என் குறிப்புகள் முடிந்தன. இத்தனை நாள் உங்களுக்குக் கொடுத்த தொல்லையும் முடியும்.' அந்தக் கடிதத்தில் மற்றவை அடுத்ததில் என்பது இல்லை. மிக்கேல் பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். அங்கும் இல்லை.

ஜூன் பதின்மூன்று அந்தோனியார் திருவிழா. நேர்ந்துவிட்ட கோழியையும் ஆட்டையும் கோயிலுக்கு முன்னால் ஏலம் விடுவார்கள். வேதக்காரர்கள் மட்டுமில்லை, சுற்றுப்பட்டியில் எல்லோரும் வருவார்கள். நேர்ந்துவிட்ட உயிரைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஏன் நேர்ந்தாய் என்று யாரும் கேட்கவும் கூடாது. அது அந்த ஊர் முறை. மிக்கேல் வளையத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பதினேழாம் எண் சேவலைக் கோயிலுக்குத் தூக்கிப்போனான். அவன் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. ஹேச்சரியில் ஆயிரக்கணக்கில் குழியில் கொட்டியவன்தான், ஆனால் இந்த ஒன்றைத் தன் கையால் அறுக்க அவனால் முடியாது என்று தெரிந்திருந்தது. பாண்டீஸ்வரன் எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு எடுத்தார். கோயில் புளிய மரத்தடியில் அறுத்து, மற்ற கோழிகளோடு சேர்த்துக் குழம்பு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் போட்டார்கள். மிக்கேலும் வரிசையில் நின்று இலையில் வாங்கினான். அவனுக்கு வந்த துண்டு எந்தக் கோழியுடையது என்று தெரியாது. பசி இருந்தது, தின்றான்.

பிறகு பதினேழு வெள்ளைக்கழிச்சலில் செத்துவிட்டது என்று எழுதினான். நோய் கண்டால் கழுத்து முறுகும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும் என்பது அவனுக்குத் தெரியும், அதையும் சேர்த்து எழுதினான். ஐந்தாம் நாளே பதில் வந்தது. ஒரே கொட்டகையில் இன்னும் இருபத்திரண்டு கோழிகள் இருக்கையில் ஒன்று மட்டும் எப்படிச் செத்தது, மற்றவற்றுக்குத் தும்மல்கூட இல்லையா, ஒரே தாய் வழியா, உடனே எழுதவும். மற்றவை அடுத்ததில். மிக்கேல் எதிர்பார்க்காத காரியம் நடந்துவிட்டது. அவன் சொன்ன பொய்யிலிருந்து டீச்சருக்குப் புதிதாக ஒரு வேலை பிறந்தது: அந்தப் பள்ளத்தாக்குக் கோழிகளில் ஒரு வம்சத்துக்குக் கழிச்சல் நோய் அண்டுவதில்லை. தடுப்பு மருந்து போடாமல் நோய்க்கோழிகளோடு சேர்த்து அடைத்துப் பார்க்கச் சொன்னார். அவன் அடைத்தான். அதற்கு முன்னால் கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கி ஒவ்வொரு கோழியின் கண்ணிலும் ஒரு சொட்டு விட்டான். ஒன்றும் சாகவில்லை. ஒன்றும் சாகவில்லை என்று எழுதினான். அது உண்மை. 2018-ல் டீச்சர் ஒரு சிறு ஆய்வு வெளியீட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதினார். அதன் முடிவில், திரு. மிக்கேலின் நேர்மையான குறிப்புகள் இல்லாமல் இது சாத்தியமில்லை என்று அச்சாகியிருந்தது. பிரதியை அவன் அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தான்.

2020-ல் கொரோனாவுக்கு ஊரடைத்தபோது எழுபது நாள் தபால் இல்லை. மிக்கேல் எழுதி எழுதி வைத்தான். அந்த எழுபது நாளில் அவன் பேசிய ஆள் மதலேனாள் மட்டும், அதுவும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து. ஜூன் மாதம் அடையிலிருந்த முட்டை ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றாம் எண் வெளியே வந்தது. மார்ச்சில் நாய் கவ்விச் செத்த பெட்டை அது. குஞ்சின் காலில் வளையம் இருந்தது, வளையத்தில் 41 என்று இருந்தது, டப்பாவில் கழற்றி வைத்திருந்த வளையத்தைக் காணவில்லை. தபால் ஓடத் தொடங்கியதும் மிக்கேல் முதல் வேலையாக அதைத்தான் எழுதினான். டீச்சர் ஆச்சரியப்படவில்லை. வெவ்வேறு வழிக் கோழிகளைக் கலக்கும்போது முன்னோரின் சாயல் திரும்புவது தெரிந்த விஷயம், இங்கே சாயலோடு நிற்காமல் ஆளே திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான், எடை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். வளையம் குஞ்சின் காலில் எப்படி நழுவாமல் நிற்கிறது என்றும் கேட்டார். வளையமும் காலோடு சேர்ந்து வளர்கிறது, வாரம் ஒரு முறை அளந்தேன், கணக்கு இத்துடன் என்று அவன் எழுதினான்.

ஒவ்வொரு அடையிலும் ஒரு குஞ்சு அப்படி வந்தது, மற்றவை சாதாரணக் குஞ்சுகள். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று எண் இறங்கியது. முதலில் ஊரே வந்து பார்த்தது. பெரியகுளத்திலிருந்து இரண்டு பேர் செல்போனில் படமெடுத்துப் போனார்கள். நாலு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

மதலேனாளுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "என் வீட்டுக்காரரு போயி ஆறு வருசமாச்சு. அவுக திரும்பி வரல. இவன் கோழி வருதாம்" என்றாள்.

"வந்தா சேத்துக்குவியாக்கும்?" என்று கேட்டார் சுருளிராஜன்.

"அது தெரிஞ்சுதான் அவுக வரல" என்றாள் மதலேனாள்.

திரும்பி வந்தவை செத்த விதத்தையும் உடம்பில் கொண்டு வந்தன. அதைக் கண்டுபிடித்தது டீச்சர்தான். நாற்பத்தொன்றின் முதுகில் நாலு பல் தடம். முப்பத்தெட்டு மோட்டார் சைக்கிளில் அடிபட்டது, இறக்கை ஒரு பக்கம் தொங்கப் பிறந்தது. முப்பத்து மூன்றின் காலில் பாம்பு கடித்த இரண்டு புள்ளி. 'பதினேழு வரும்போது கழுத்து முறுகியிருக்கும்' என்று டீச்சர் எழுதினார். 'என் பன்னிரண்டு பக்கத்துக்கும் அதைவிடச் சாட்சி வேண்டாம். காத்திருக்கிறேன்.' மிக்கேல் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலண்டரில் எண்ணிப் பார்த்தான். அன்றைக்கு வந்திருந்தது இருபத்தொன்பதாம் எண்.

2022 அக்டோபரில் பதினெட்டு வந்தது. அதோடு மிக்கேல் அடை வைப்பதை நிறுத்தினான். அடைக்கு உட்கார்ந்த பெட்டைகளைத் தண்ணீரில் முக்கி எழுப்பினான், முட்டைகளைக் கடைக்குப் போட்டான். பெட்டைகள் உட்காரவில்லை என்று எழுதினான். டீச்சரின் கடிதம் அரைப் பக்கமாயிற்று, பிறகு நாலு வரியாயிற்று. டிசம்பரில் ஒரு போஸ்ட் கார்டு: 'அடை வைத்தால் எழுதவும்.' அதன் பிறகு ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, பொங்கல் வந்தது. சுருளிராஜன் தூரத்தில் வரும்போதே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். நிற்கக் காரணம் இல்லாததால் அவர் சைக்கிளை விட்டு இறங்குவதுகூட இல்லை. ஒரு வாரத்தில் மிக்கேல் வாய் திறந்தது இரண்டு தடவை, இரண்டும் மளிகைக் கடையில்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி அவன் கூடையில் மணல் பரப்பி, இடி இறங்காமலிருக்க ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டு, பதினொரு முட்டை வைத்து அடைக்கோழியை உட்காரவைத்தான். அன்றைக்கே எழுதிப் போட்டான். இருபத்தொன்றாம் நாள் வருகிறேன் என்று பதில் வந்தது. ஏழாம் நாள் முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒன்றில், சிவப்பு நரம்புகளுக்கு நடுவில், வட்டமாக ஒரு நிழல் இருந்தது. வளையம். மிக்கேல் அந்த முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. பத்தொன்பது வருடம் சம்பளத்துக்குச் செய்த வேலைதான். ஆனால் அது பொரிக்காவிட்டால் டீச்சர் வந்து பார்க்க ஒன்றும் இருக்காது, பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் அந்த ஆள் எப்படி இருப்பார் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. முட்டையைக் கோழியின் அடியில் திரும்ப வைத்தான், மற்றவற்றைவிட நடுவில், சூடு நன்றாகப் படும்படி.

டீச்சர் குள்ளம். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். வந்ததும் பெயர்கூடச் சொல்லவில்லை, கூடைக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்தார். ஒன்பதேகாலுக்கு முட்டை உடைந்தது. குஞ்சு ஈரத்தோடு மணலில் புரண்டது. காலில் வளையம், 17. ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல். கழுத்து நேராக இருந்தது. கழுத்தைச் சுற்றி, நூல் கட்டி எடுத்ததுபோல, ஒரு சிவப்புக் கோடு. டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். கோழி ஒரு தடவை கேறியது.

"இது கழிச்சல் இல்லையே, மிக்கேல்" என்றார். காது கேட்காதவர்கள் பேசும் உரத்த குரல்.

பாண்டீஸ்வரன் குனிந்து பார்த்தார். "ஏப்பா, அஞ்சு வெரலு! நம்ம அந்தோனியார் திருவிழாவுல நான் ஏலம் எடுத்த சேவல்ல இது? கால வாட்டுறப்ப எங்கண்ணன் எண்ணிப் பாத்துட்டு ஒரே ரகள. நல்ல கறிங்க டீச்சர், பஞ்சு மாதிரி."

"அண்ணே, கொஞ்சம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரிங்க" என்றாள் மதலேனாள்.

டீச்சர் அவரைக் கிட்டே கூப்பிட்டு, மறுபடி உரக்கச் சொல்லச் சொன்னார். எந்த வருடம், எந்தத் தேதி, எதால் அறுத்தது, அப்போது சேவலுக்கு ஏதாவது நோய் தெரிந்ததா. பாண்டீஸ்வரன் கேட்டதற்கெல்லாம் சொன்னார், டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மிக்கேல் பக்கம் திரும்பி ஒரே வார்த்தை கேட்டார். "ஏன்?"

"வந்து பாத்துட்டா கடுதாசி நின்னுரும்னு எழுதியிருந்தீக டீச்சர்."

"அப்படி எழுதலையே. வேலை முடிஞ்சிரும்னுதான் எழுதினேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நோட்டில் ஒரு பக்கம் திருப்பி, "நோய்க்கோழிகளோட அடைச்சீங்களே, அது?" என்றார்.

"மருந்து போட்டுட்டுத்தான் அடைச்சேன். கண்ணுல ஒரு சொட்டு. வருசத்துக்கு நாலு தடவ."

இது அவருக்குக் கேட்டது. பென்சிலைக் கீழே வைத்தார். சுருளிராஜன் தன் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் குஞ்சைத் தராசில் வைத்தார், முப்பத்திரண்டு கிராம், எழுதினார். மதலேனாள் போட்ட காபி ஆடை கட்டிக் கிடந்தது. பதினொன்றே முக்கால் பஸ்ஸுக்கு டீச்சர் தனியாக நடந்து போனார். மிக்கேல் கொஞ்சதூரம் பின்னால் போனான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் பாலத்தோடு நின்றுகொண்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். பையில் தராசு, நோட்டு, பெரியகுளத்தில் வாங்கிய புதுப் பூட்டு ஒன்று. அவன் எழுதிய எதையும் இனி எடுத்துக்கொள்ள முடியாது, பன்னிரண்டு பக்கத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக வெளியீட்டுக்கு எழுதியாயிற்று, இனி எல்லாவற்றையும் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று மதலேனாளிடம் சொன்னார், மிக்கேல் பக்கத்தில் நிற்கும்போதே. அவன் தண்ணீரும் தீனியும் வைக்கலாம். அளக்கும்போதும் குஞ்சு பொரிக்கும்போதும் கொட்டகைக்குள் இருக்கக் கூடாது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், அடையின் ஒவ்வோர் இருபத்தொன்றாம் நாளும் அவர் வந்தார். கடிதம் அதன் பிறகு ஒன்றுகூட வரவில்லை. மிக்கேல் பயந்தது அப்படியே நடந்தது. ஆனால் பன்னிரண்டு வருடம் எழுத்தாக மட்டும் வந்தவர் வாரம் தவறாமல் நேரில் வந்தார், வந்து அவனோடு பேசாமல் போனார்.

மிக்கேல் வெளியே சுவரோரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பான். உள்ளே டீச்சர் எடையையும் நீளத்தையும் தனக்குத் தானே உரக்கச் சொல்லி எழுதுவது தகரக் கதவு வழியாக நன்றாகக் கேட்கும். பதினாறு, பதினைந்து, பதினாலு என்று எண் இறங்கியது. ஒன்பதாம் எண் வந்த சில வாரத்தில் ஒரு நாள் அது உள்ளே பிடிகொடுக்காமல் ரகளை செய்தது. "ரெண்டு காலையும் சேத்துப் புடிங்க டீச்சர்" என்று அவன் வெளியிலிருந்து சொன்னான். சத்தம் அடங்கியது. அவருக்குக் கேட்டிருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான், அடுத்த வாரம் அப்படி நினைக்கவில்லை, அதற்கடுத்த வாரம் மறுபடி நினைத்தான். பதினேழாம் எண் சேவல் நன்றாக வளர்ந்து முற்றத்தில் திரிந்தது. கூவும்போது கழுத்துக்கோடு விரியும், மற்றபடி அதற்கு ஒரு குறையும் இல்லை. பாண்டீஸ்வரன் அந்த வழியாக வந்தால் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுப் போவார்.

2025 ஜனவரியில் ஒன்றாம் எண் வந்தது. முதுமையில் செத்த பெட்டை அது. அதனால் குஞ்சு பிறந்த முதல் நாளே தளர்ந்து நடந்தது, இரண்டடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தது. டப்பாவில் இன்னும் எதற்கும் மாட்டாத வளையங்கள் மட்டும் இருந்தன. ஒன்றுக்குப் பிறகு என்ன வரும் என்று ஊரில் பேச்சு வந்தது. நாட்டுக்கோழிக்கெல்லாம் முன்னோர், மேலே கொடைக்கானல் மலையிலிருக்கும் காட்டுக்கோழிதான் வரும் என்றார் சுருளிராஜன். மதலேனாள் அதை டீச்சரின் காதோரம் போய்க் கத்திக் கேட்டாள். "வந்தா எழுதிக்கலாம்" என்றார் டீச்சர்.

அந்த மாதக் கடைசியில் அடுத்த அடையின் இருபத்தொன்றாம் நாள் வந்தது. மிக்கேல் விடிந்ததும் கொட்டகையைக் கூட்டினான், டீச்சரின் மணையைத் துடைத்து வைத்தான். பனியில் அவர் பஸ் தாமதம், எட்டரைக்கு வந்தார். அவன் தீனியைக் கொட்டிவிட்டுச் சட்டியில் தண்ணீர் நிரப்பினான். கூடைக்குள் ஏதோ ஒன்று முட்டையை உள்ளிருந்து கொத்தும் சத்தம் கேட்டது. டீச்சர் பூதக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவன் போவதற்காக ஒதுங்கி நின்றார். மிக்கேல் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் தகரக் கதவு மூடிக்கொண்டது, உள்பக்கம் பூட்டு விழுந்தது.